நாலு புள்ளி இருபத்தஞ்சு

லிஃப்ட்காரருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சத்தம் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய சம்பந்தி இரண்டாம் வாய்ப்பாடு சொல்லும் சத்தம்.

"ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு" என்று அந்த மனிதர் ஆரம்பித்தால் போதும். ஐந்து மாதப் பேத்தி அழுகையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். பதினாறு வரும்போது சிரிப்பாள். பல் முளைக்காத அந்தச் சிரிப்பைப் பார்த்தால் கல்லும் கரைந்துவிடும். அதே பேத்தியை லிஃப்ட்காரர் வாங்கினால் முதுகை வில்லாக வளைத்து, வீடே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கத்தல்.

"உங்க சட்டையில கிரீஸ் வாசனைப்பா, அதான்" என்று மகள் சமாதானம் சொல்வாள். மூன்று முறை சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். அதற்கும் அதே கத்தல்தான்.

சம்பந்தி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பெண் கொடுத்த இடம் வேறு. நேருக்கு நேர் ஒன்றும் சொல்ல முடியாது. "உங்க கை பட்டாலே பிள்ளை தூங்கிடுது சம்பந்தி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டுவார்.

"அந்த ஆளு அங்கேயே குடியிருக்காரு. பொழுதுக்கும் பிள்ளை கையிலேயே இருக்குது. நாம ரெண்டு தெரு தள்ளி இருக்கோம். பிள்ளைக்கு யாரைத் தெரியும்?"

மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சொல்வாள், "புகையுது. என்னன்னு பாருங்க."

"எங்க?"

"உங்க வயித்துலதான்."

புகை பேத்தியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது ஏற்கெனவே வேறு இடத்தில் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் ரிப்பேர். கயிறு, கப்பி, கதவு, பிரேக் என்று எல்லாம் கை பட்டுக் கற்றது. கம்பெனிக்காரர்கள் "மாடல் பழசாயிடுச்சு, பார்ட் வராது, மாத்திடுங்க" என்று கைவிரித்த லிஃப்ட்டுகளை, புது மாடல் பார்ட்டை அறுத்து, அரத்தால் ராவி, பழசில் பொருத்தி ஓடவிடுவார். அதில் அவருக்கு ஒரு திமிர் உண்டு.

ஒருநாள் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடி மெஷின் அறையில், யாரோ தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கற்றுக்கொண்டார். வரைபடம் பார்ப்பார், பார்ட் நம்பர் தேடுவார். மூன்று வருடம் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது. அவர் வைத்திருக்கும் பதிப்பு பழசாகிவிட்டது, இனி அதற்குப் பராமரிப்பு கிடையாது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று.

"பார்த்தியா, இங்கேயும் பார்ட் வராதாம்" என்றார் மனைவியிடம்.

ஆனால் தேடிப் பார்த்தபோது, அந்தப் பழைய பதிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளச் சிலர் சம்பளம் வாங்காமல் சேர்ந்திருப்பது தெரிந்தது. ஒரு பேக்கரிக்காரர், கண் தெரியாத ஒரு பியானோ டியூனர், எல்லோரையும் கட்டி மேய்க்கும் ஒரு நர்ஸம்மா. மாற முடியாத இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. சின்ன மருந்தகங்கள், பட்டறைகள், நூலகங்கள். அவர்களுக்காக இன்னும் சில வருடம் பழசை ஓட்டுவது இவர்கள் வேலை. திருடன் நுழையும்படி எங்காவது ஓட்டை தெரிந்தால், புதிய பதிப்புக்கு மற்றவர்கள் செய்த அடைப்பை எடுத்து, பழசின் அளவுக்கு வெட்டிப் பொருத்த வேண்டும். புது பார்ட்டை அறுத்துப் பழசில் பொருத்துவதுதானே! லிஃப்ட்காரர் அன்றே சேர்ந்துவிட்டார். குழுவில் பழைய பதிப்புக்கு மூத்தவள் என்றும், புதிய பதிப்புக்கு இளையவள் என்றும் பெயர். இளையவள் பழசாகும்போது அவள் மூத்தவள் ஆவாள், முந்தையவளை வழியனுப்பி வைப்பார்கள். இப்படி எட்டு வருடத்தில் மூன்று மூத்தவள்களைப் பார்த்துவிட்டார்.

அந்த எட்டு வருடத்தில் யாரும் அவரை மெச்சியதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை. அடைப்பு வெளியே போகும்போது ஒரு அறிவிப்புக் கடிதம் போகும். அதன் அடியில் செய்தவர் பெயர் இருக்கும். பெரும்பாலும் "லிஃப்ட்காரர்" என்றுதான் இருக்கும். அது போதும் என்றிருந்தார்.

போன வருடம் சம்பந்தி ஒருநாள், "என்ன சம்பந்தி, எப்பப் பார்த்தாலும் கம்ப்யூட்டர்லயே இருக்கீங்க?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் வாய் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு தேநீர் வாங்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பெருமையாக விளக்கினார். அடுத்த வாரம் பார்த்தால், குழுவில் "வாத்தியார்" என்று ஒரு புதுப் பெயர்.

வாத்தியார் வந்ததும் குறிப்புகளை எல்லாம் திருத்தி எழுதினார். புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிப்படியாக ஒரு பாடம் தயாரித்தார். "வாத்தியார் வந்த பிறகுதான் நாம் எழுதியது நமக்கே புரிகிறது" என்று நர்ஸம்மா எல்லோருக்கும் கடிதம் போட்டாள். பேக்கரிக்காரர் கைதட்டும் பொம்மை போட்டார். லிஃப்ட்காரர் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். நாலு தடவையும் நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள். கடைசியில் போன வாரம், அடைப்பை வெளியே அனுப்பும் அனுமதியையும் வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டார்கள். லிஃப்ட்காரருக்கு அது கிடைக்க நாலு வருடம் ஆயிற்று.

அன்று காலை பத்து மணிக்கு, அனுமதி கிடைத்தபின் வாத்தியார் செய்த முதல் வேலை பார்வைக்கு வந்தது. பிரிண்டருக்கு வேலை அனுப்பும் மென்பொருள் பேக்கேஜில் ஒரு ஓட்டை. அவசரமான ஓட்டை. வாத்தியார் அடைத்திருந்தார். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து, "பார்த்தேன்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால்தான் அது வெளியே போகும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே லிஃப்ட்காரர்தான். லிஃப்ட்டைச் சோதித்த மெக்கானிக் உள்ளே தொங்கும் அட்டையில் "பார்த்தேன்" என்று எழுதித் தேதி போடுவார். அதை நம்பித்தான் ஜனங்கள் ஏறுகிறார்கள்.

பார்ப்பது அவர் முறை. தையல் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இருந்த மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாகக் குறை தேடினார். ஒன்றும் இல்லை. சுத்தமான வேலை. எரிச்சல் இன்னும் ஏறியது. கடைசியில் எண்ணைப் பார்த்தார்.

மூத்தவளிடம் இருந்த பேக்கேஜின் எண் 4.2. இளையவளிடம் இருப்பது 4.3. அடைத்த பேக்கேஜுக்குப் புது எண் கொடுக்க வேண்டும். குறிப்பில் விதி தெளிவாக இருந்தது: மூத்தவளின் எண்ணைவிடக் கூடுதலாகவும், இளையவளின் எண்ணைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். வழக்கமாக 4.2க்குப் பின்னால் வால் ஒன்று, வால் இரண்டு என்று ஒரு வால் ஒட்டுவார்கள். வாத்தியார் 4.25 என்று போட்டிருந்தார்.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கணக்கு வாத்தியாருக்கு அது சரிதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இரண்டரை. ஆனால் மெஷினுக்குப் புள்ளி வெறும் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இருப்பது மாடி எண். இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி, இருபத்தைந்தாவது மாடி. இந்த பேக்கேஜ் வெளியே போனால், நாளைக்கு யாராவது மூத்தவளிடமிருந்து இளையவளுக்கு மாறும்போது, "நான் இருபத்தஞ்சுல இருக்கேன், மூணுக்கு ஏன் இறங்கணும்?" என்று அது நகராமல் உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் எல்லாம் புதுசு, இது மட்டும் பழசு. பிரிண்டர் ஓடாது. ஒருமுறை வெளியே போன எண்ணைக் கீழே இறக்கவும் முடியாது.

எட்டு வருடத்தில் யாரும் செய்யாத தப்பு. படித்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

எண் தப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும். கையைத் தூக்கினார். அப்போது மனதுக்குள் ஒரு குரல் மிகவும் மரியாதையாகப் பேசியது. சம்பந்தி. மாப்பிள்ளையின் அப்பா. ஊர் பார்க்கிற இடத்தில் நாம் போய்க் குற்றம் சொல்லலாமா? மகளுக்கு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதே. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

பார்த்ததை, பார்த்தேன் என்று சொன்னால் அது பொய் இல்லையே.

"பார்த்தேன்" என்று எழுதினார். அனுப்பினார். எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். தண்ணீர் இனித்தது.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. வாத்தியார்.

"சம்பந்தி, ரொம்ப நன்றிங்க. நீங்க பார்த்துட்டீங்கன்னா அப்புறம் எனக்கு என்ன கவலை? அனுப்பிட்டேன். சாயங்காலம் ஆறு மணி வண்டியில எல்லாருக்கும் போயிடும். பேத்தி கிட்ட சொல்லிட்டேன், உன் தாத்தா பாஸ் போட்டுட்டாருன்னு."

"எந்தத் தாத்தா?"

"நீங்கதான். இங்க என் மடியிலதான் இருக்கா. இதோ, உங்க குரல் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறா பாருங்க."

போனுக்குள் பேத்தி ஏதோ "ஙே" என்றாள். உடனே வாத்தியார் "ஓரெண்டு ரெண்டு" என்று ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. மகள் வேலை பார்க்கும் நூலகத்தில் பதினோரு மெஷின். எல்லாம் மூத்தவள். அவரே கைப்படப் போட்டுக் கொடுத்தது. நாளைக்கு நூலகத்துக்கு விடுமுறை, பதினொன்றையும் இளையவளுக்கு மாற்றப்போவதாக மகள் சொல்லியிருந்தாள். மாற்றுவதற்கு முன்னால் மூத்தவளுக்கு வந்த எல்லா அப்டேட்டையும் போட்டுவிட வேண்டும் என்பது விதி. அதை மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நாளை மறுநாள் புத்தகம் வாங்க வரிசை நிற்கும். ரசீது அடிக்கும் பிரிண்டர் ஒன்றுகூட ஓடாது.

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார். அப்போதும் அந்தப் புத்தி நேராக வேலை செய்யவில்லை. மகளை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்றுதான் யோசித்தது. எழுந்து கை கழுவிவிட்டு போன் போட்டார்.

"அம்மாடி, இன்னைக்கு சாயங்காலம் ஒரு பிரிண்டர் அப்டேட் வரும். அதை மட்டும் போடாதே. நேரா மாத்திடு."

"ஏம்பா? மாமா செஞ்சதா?"

"ஆமா. அது வந்து... இருக்கட்டும், போடாதே."

போனில் பின்னால் யாரோ புத்தகத்தில் முத்திரை குத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, நானும் அந்தக் கடிதமெல்லாம் படிக்கிறேன். நீங்க பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க."

"பார்த்தேன்தான்."

"அதுல தப்பு இருந்துச்சா?"

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"இருக்குன்னு தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"சம்பந்தி கிட்ட எப்படிம்மா குறை சொல்றது? மரியாதை..."

"மரியாதையா? போன மாசம் நாப்கின் கோணலா கட்டினாருன்னு மாமாவை எத்தனை பேச்சு பேசினீங்க? அப்ப எங்க போச்சு அந்த மரியாதை?" மகளின் குரல் இறங்கியது. "லிஃப்ட் அட்டையில இப்படி எழுதுவீங்களாப்பா?"

போனை அவள்தான் வைத்தாள்.

தையல் மெஷின் எப்போது நின்றது என்று தெரியவில்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை புகை, வயிறு என்று கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு அட்டையில்கூட அவர் அப்படி எழுதியதில்லை. கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார். கட்டிடக்காரர்கள் கத்துவார்கள். கத்தட்டும் என்று வந்துவிடுவார்.

மணி நாலரை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மகள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட்டில் ஏறினார். அவர் பராமரிக்கும் லிஃப்ட். கண்ணாடிக்குப் பக்கத்தில் அட்டை தொங்கியது. அவருடைய கோணல் எழுத்தில், வரிசையாக, பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன். மூன்று மாடி ஏறும்வரை அவர் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வாத்தியார் தோளில் ஈரத்துணியோடு கதவைத் திறந்தார்.

"வாங்க வாங்க சம்பந்தி! இப்பதான் தூங்கினா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முழிக்க வெச்சிருப்பேனே."

"சம்பந்தி, நீங்க போட்ட எண்ணைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க."

"எந்த எண்? அதுவா? நாலு புள்ளி ரெண்டு அஞ்சு."

"நான் படிக்கிறேன். நாலு புள்ளி இருபத்தஞ்சு."

வாத்தியாருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். "அப்படிப் படிக்கக் கூடாதுங்க. புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இலக்கமா படிக்கணும். முப்பது வருஷம் பிள்ளைங்களை அடிக்காத குறையா சொல்லிக் கொடுத்திருக்கேன்."

"மெஷின் உங்க கிட்ட படிக்கலைங்க. என்னை மாதிரி எட்டாவதோட நின்னது. அதுக்குப் புள்ளின்னா கதவு. உங்க பிள்ளை வீடு மூணாவது மாடி. நீங்க போட்டது இருபத்தஞ்சாவது மாடி. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல மாடி கிடையாது சம்பந்தி, படிக்கட்டுத் திருப்பம்தான் இருக்கு. அதுக்குத்தான் நாம வால் ஒட்டுறது."

வாத்தியார் விரலை ஒவ்வொன்றாக மடித்தார். மடித்த விரல் அப்படியே நின்றது. முகம் வெளிறிப்போயிற்று. தோளில் இருந்த துணி விழுந்ததுகூடத் தெரியாமல் உள்ளே ஓடி, கம்ப்யூட்டரைத் திறந்தார். ஆறு மணிக்குக் கிளம்புவதைத் திரும்பப் பெற ஒரு வழி இருந்தது. அவசரத்தில் கட்டளையை இரண்டு முறை தப்பாக அடித்தார். லிஃப்ட்காரர் பின்னால் நின்று எழுத்துக் கூட்டிச் சொன்னார். ஐந்தேகாலுக்குக் காலையில் அனுப்பியது திரும்பி வந்தது. ஐந்தரைக்கு 4.2க்கு வால் ஒட்டிப் புதியது தயாரானது.

அதற்குப் பிறகுதான் வாத்தியார் நாற்காலியில் சாய்ந்து, மெதுவாகத் திரும்பினார்.

"சம்பந்தி, காலையில பார்த்தேன்னு எழுதினப்போ இதைக் கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்றவேண்டும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"கவனிச்சேன்."

உள் அறையில் பேத்தி தூக்கத்தில் முனகினாள். இரண்டு தாத்தாக்களும் ஒரே நேரத்தில் காதைத் தீட்டினார்கள். மறுபடி அமைதியானதும் வாத்தியார் கேட்டார், "நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலை. எல்லாத்தையும் நல்லா செஞ்சீங்க. அதான்."

வாத்தியார் எழுந்து இடம் விட்டார். லிஃப்ட்காரர் அதே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, குழுவுக்கு எழுதினார். ஒற்றை விரலால் அடித்ததால் கால்மணி நேரம் ஆயிற்று. "காலையில் எழுதிய பார்த்தேன் செல்லாது. எண் தப்பு என்று தெரிந்தே எழுதினேன். காரணம் பொறாமை. இனி என்ன செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள்."

நர்ஸம்மாவின் பதில் சுருக்கமாக வந்தது. ஊசி போடுகிறவள் அல்லவா, சுற்றி வளைக்கவில்லை. புதிய அடைப்பை பியானோ டியூனர் பார்ப்பார். மூன்று மாதத்துக்கு லிஃப்ட்காரர் யாருடைய வேலைக்கும் பார்த்தேன் எழுத வேண்டாம். அவர் செய்யும் வேலையை வாத்தியார் பார்க்கட்டும். வழக்கமும் மாறியது. இனிமேல் ஒற்றை வார்த்தை கிடையாது, "பார்த்தேன், சரி" என்று எழுத வேண்டும்.

எட்டு வருடம் தனக்கென்று வைத்திருந்த ஒரே இடம், யாரை அண்டவிடக் கூடாது என்று நினைத்தாரோ அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. மறுநாள் பதினோரு மெஷினும் ஒழுங்காக மாறின. மகள் போனில் "எல்லாம் ஓடுதுப்பா" என்று மட்டும் சொன்னாள். சாப்பிட்டீர்களா என்று கேட்க நாலு நாள் ஆயிற்று.

இரண்டு வாரம் கழித்து லிஃப்ட்காரரின் அடைப்பு ஒன்று வரிசையில் நின்றது. அதே பிரிண்டர் பேக்கேஜ், வேறு ஓட்டை. பொறுக்க முடியாமல் நேராகவே போய்விட்டார். வாத்தியார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே வேகம்.

"இந்த இடத்துல ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சு."

"அது குறிப்புங்க. மெஷின் அதைப் படிக்காது."

"மனுஷன் படிப்பானே."

லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காற்புள்ளி போட்டார். பேத்தி சிணுங்க ஆரம்பித்தாள். வாத்தியார் கடைசி வரிக்கு வந்து, கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"எண்ணை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க சம்பந்தி. எனக்கு அதுல பயம் விட்டுப்போகலை."

"நாலு புள்ளி ரெண்டு, வால் ரெண்டு."

சிணுங்கல் சட்டென்று நின்றது. பேத்தி தலையைத் திருப்பி லிஃப்ட்காரரைப் பார்த்தாள். வாய் மெல்ல விரிந்தது. ஈறு தெரிந்தது.

வாத்தியாரின் முகம் சுண்டிப்போயிற்று. "ரெண்டுன்னு கேட்டுச்சுல்ல, என் வாய்ப்பாடுன்னு நெனச்சுக்கிட்டா. பாவம், குழந்தை" என்றார்.

"இருக்கும், இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர். நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க பார்த்தேன், சரின்னு போடுங்க சம்பந்தி, அவசரமே இல்ல. எண் சரியா காதுல விழுந்துச்சா? இன்னொரு தடவை சொல்றேன். நாலு புள்ளி ரெண்டு. வால், ரெண்டு."